வளைகோடுகள்

உடுப்பை மெசினுக்குள் திணித்து, மூடியை அறைந்து சாத்தி, அது தண்ணீர் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் தவமலர் பைக்குள்ளிருந்து மகள் ஆரணி எழுதிய புத்தகத்தை எடுத்தாள். எடுத்தாளே தவிரத் திறக்கவில்லை. திறந்து பார்க்க என்ன இருக்கிறது, பக்கத்துக்கு மூன்று வரி, மிச்சமெல்லாம் படம், கண்ணை மூடினாலும் அந்தப் பச்சைக் கோட்டும் அந்தப் பெரிய பொட்டும் முன்னால் வந்து நிற்கின்றன. ஆனாலும் இன்றைக்கு வாசித்தே ஆகவேண்டும், வாய்விட்டு. பரன் அண்ணையின் பத்திரிகையில் ‘சிறுவருக்கும் பெரியவருக்கும்’ என்ற தலைப்பில் மாதாமாதம் புதிய கனடிய நூல்களைப் பற்றி எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து அவளுக்கு அதுதான் வழக்கம். பெரியவர்களின் புத்தகத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசிப்பாள். சிறுவர் புத்தகத்தை ஸ்காபரோவின் இந்த மாடிக் கட்டடத்தின் அடியில், நிலக்கீழ் லோண்ட்ரி அறையில், மெசின்கள் போடும் இரைச்சலுக்கு நடுவில் நின்று சத்தமாக வாசிப்பாள். பிள்ளைகளுடைய புத்தகம் காதுக்கென்று எழுதியது, அதைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்கிறவர்கள் கறியை மணந்து பார்த்து உப்புச் சொல்கிறவர்கள் என்பது அவள் கட்சி. மேலே வீட்டில் வாசித்தால் என்ன என்று கேட்கலாம். வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கமும் காது இருக்கிறது. இங்கே அவளுடைய இங்கிலிஷ் ஒருவர் காதிலும் விழாது, ஒருவரும் விளங்காமல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ‘சொறி?’ என்று கேட்கமாட்டார்கள். வந்த புதிதில் டோனட் கடையில் ஒரு கோப்பி கேட்கப்போய், அந்தப் பெட்டை ‘சொறி?’ ‘சொறி?’ என்று கேட்டுக் கேட்டுப் பின்னால் நின்ற வரிசையே தன்னைப் பார்க்க, அன்றைக்குப் பூட்டிய வாய் இது. ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்த வாய்! அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான், வாசிப்பன், எழுதுவன், அவை கதைக்கிறதுதான் எனக்குப் பிடிபடாது. அது வசதியான பதில். கந்தோரில் கேட்டாலும் சரி, கம்பளம் விற்கப் போன் எடுப்பவன் கேட்டாலும் சரி, அதைச் சொன்னால் அதற்கு மேல் ஒருவரும் அவளைத் தோண்டுவதில்லை. பெற்ற பிள்ளையும் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

காலையில் பரன் அண்ணை போன் எடுத்தார். “தங்கச்சி, உன்ரை பக்கம் ரெடி. கடைசிப் பக்கம், முழுக் கலர். நடுவிலை ஆரணியின்ரை படம், மேலை உன்ரை படம், சுத்திவரத் தங்கக் கரை போட்டிருக்கிறன். தலைப்பு ‘தாயின் வாழ்த்து’. பின்னேரம் அஞ்சு மணிக்கு முதல் நாலு பந்தி அனுப்பினால் காணும்.” வாழ்த்தாம்! பிறந்தநாளுக்கும் அதே கரை, அரங்கேற்றத்துக்கும் அதே கரை, அறுபதாம் கலியாணத்துக்கும் அதே கரை, அந்த மனுசன் கொம்பியூட்டரில் அதைத் தவிர வேறொன்றும் வைத்திருக்கவில்லைப் போல. “அண்ணை, நான் எழுதுறது மதிப்புரை” என்றாள். “அதைத்தானே நானும் சொல்லுறன், பிள்ளையை மதிச்சு நாலு பந்தி” என்றார். “பிழை இருந்தால் பிழை எண்டும் எழுதுவன்.” அவர் பெரிதாகச் சிரித்தார். “உனக்கு எப்பவும் பகிடிதான். உனக்கு நேரமில்லையெண்டால் சொல்லு, நானே உன்ரை பேரிலை வாழ்த்தை எழுதிப் போட்டுவிடுறன்.” போட்டுவிடுவார், செய்யக்கூடிய ஆள்தான். அஞ்சு மணி தாண்டினால் தங்கக் கரைக்குள் அவள் சொல்லாத சொல் அவள் படத்துக்குக் கீழே பல்லை இளித்துக்கொண்டு நிற்கும், ஸ்காபரோவில் இருக்கிற பலசரக்குக் கடை வாசலெல்லாம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். புருசன் மகேந்திரன் வேறு, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், “பெத்த பிள்ளையின்ரை புத்தகம். நாலு நல்ல வார்த்தை எழுதினால் உமக்குக் கை தேஞ்சு போயிடுமே?” தேயாது. கை தேயாது. அவருக்கு என்ன தெரியும், மகளின் புத்தகத்தில் அவர் பின்னணியில் இரண்டு பக்கத்தில் வருகிறார், இரண்டிலும் வடிவாக வருகிறார், தலைமயிர்கூட இருக்கிறது.

மெசின் ஒருமுறை குலுங்கிவிட்டு மறுபக்கம் சுழன்றது. பையில் இந்த மாதத்துப் புத்தகங்கள் இன்னும் இரண்டு கிடந்தன, அவற்றைப் பற்றி எழுதுவதென்றால் இப்போதே கடகடவென்று எழுதிவிடலாம். ஒன்று பெரியவர்களுக்கான நாவல், வடக்கில் ஒரு ஏரி, ஏரிக்கரையில் ஒரு மரவீடு, மரவீட்டில் கதைக்காத ஒரு அப்பா. கனடாவில் நாவல் எழுதுகிறவர்களுக்கு ஏரியை விட்டால் வேறு தண்ணி இல்லையா, எத்தனை ஏரி, எத்தனை பிணம், ஆனாலும் இந்த மனுசி எழுதியிருக்கிற பனி உடைகிற சத்தம் நிசமான சத்தம், அதற்காகவே வாங்கலாம், எழுதவேண்டும். மற்றது கரடிக்குட்டி நித்திரை கொள்ள மறுக்கிற சிறுவர் புத்தகம். நல்ல தாளம், போன கிழமை இங்கே நின்று வாசித்தபோது வாய் தானாகவே ஓடியது, ஆனால் கடைசிப் பக்கத்தில் வந்து புத்தி சொல்லியிருக்கிறான், அறுவான், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று எழுதப்போகிறாள். எழுதட்டும், பதிப்பாளர் கோபிக்கட்டும், இனிமேல் புத்தகம் அனுப்பாமல் விடட்டும், நூலகத்தில் எடுத்து எழுதுவாள். இந்த ஊரில் இருக்கிற பெரிய ஆட்களின் புத்தகத்தையே விடாதவள். மேடையில் பொன்னாடை போர்த்துக்கொண்டு நின்ற ஒருவருடைய கவிதையைப் பற்றி ‘தாள் நல்ல தாள்’ என்று மட்டும் எழுதி, அவர் பெண்சாதி கோயிலில் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். அதெல்லாம் செய்தவள் சொந்த மகளின் புத்தகம் என்றவுடன் தங்கக் கரைக்குள் போய்க் குந்தினால், ஊர் சிரிக்கிறது இருக்கட்டும், அவளுக்கே அவளைப் பார்க்கச் சிரிப்பு வராதா. அதுவும் எந்தப் புத்தகம்! வேறு எதையாவது எழுதியிருக்கக்கூடாதா இவள். ஒரு அணில், ஒரு பஸ், ஒரு செத்துப்போன தங்கமீன். ‘அம்மாவுக்கு ஒரு குட்டிப் பொய்’. தமிழில் சொன்னால் அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் அம்மாவைக் கூப்பிடுகிறா. அம்மாவுக்கு ரீச்சர் சொல்வது விளங்காது, ஆகவே பிள்ளைதான் மொழிபெயர்க்கவேண்டும், பிள்ளை ஒரு குட்டிப் பொய் சொல்கிறது, அம்மா அதை நம்பிச் சந்தோசமாக வீட்டுக்குப் போகிறா. கடைசிப் பக்கத்தில் இவளும் புத்தி சொல்கிறாள்: சில நேரம் விளங்காமல் இருப்பதும் ஒரு வரம். வரமாம், கண்டறியாத வரம்.

“அக்கா, உங்களைத்தான் தேடினனான்.” மூன்றாம் மாடிச் சுகிர்தா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். “என்ரை சின்னவன்ரை வகுப்பிலை ஆரணியின்ரை புத்தகம் வாசிச்சவையாம். அவன் வந்து சொல்லுறான், அம்மா, அது பதினொராம் மாடி அன்ரி எண்டு. அச்சு அசல் நீங்கள்தான் அக்கா. அந்தப் பச்சைக் கோட், அந்த முழிக்கிற முழி!” சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு கையைத் தொட்டாள். “பாவம் அக்கா நீங்கள். வந்த புதுசிலை எல்லாரும் அப்பிடித்தானே. எங்களுக்கு என்ன விளங்கினது.” தவமலருக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கும். “ஓம், ஓம்” என்றாள். சுகிர்தா ட்ரையரில் உலர்ந்த தன் உடுப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டாள், பாவம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். பாவமா? யார் பாவம்? புத்தகத்தில் அந்த வீட்டைப் பார்த்தால் உண்மையிலேயே பாவமாகத்தான் இருக்கிறது, சுவரில் சாமிப்படம் இருக்கிறது, அடுப்பில் சட்டி இருக்கிறது, ஒரு புத்தகம் இல்லை. ஒன்றுகூட இல்லை. கட்டிலுக்குக் கீழேயும் குசினி றாக்கையிலும் அரிசி வாளிக்கு மேலேயும் புத்தகம் கிடந்த வீடு, நூலகத்து அட்டையில் அபராதம் ஏறி மகேந்திரன் கத்தின வீடு, அதைத் துடைத்து வெளியாக்கி வைத்திருக்கிறார்கள். படம் கீறினவர் ஹலிபக்ஸில் இருக்கிற யாரோ, அவருக்கு எங்கே தெரியும், ஆனால் ஆரணிக்குத் தெரியாதா? ஒரு போன் எடுத்து, அம்மாவின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுங்கோ என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும். சொல்லவில்லை. கையில் புத்தகம் இருந்தால் அம்மா முழிக்கமுடியாதே, அம்மா முழிக்காவிட்டால் கதை எங்கே நடக்கும்.

சரி, வாசி, என்று தனக்கே சொன்னாள். மெசின் இப்போது தண்ணியைப் பிழிகிற வேகத்துக்கு ஏறிவிட்டது, நல்ல இரைச்சல், இதைவிட நல்ல நேரம் வராது. புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். நல்லாய்த்தான் இருக்கிறது, கோதாரி, அதுதானே வயிற்றெரிச்சல். வரிகள் குறுக்கக் குறுக்க வந்து சரியான இடத்தில் நிற்கின்றன, குளிரில் பிள்ளையின் மூக்கு நனைகிற இடத்தில் அவளுக்கும் மூக்கு நனைந்தது, சப்பாத்துக்குள் போன பனியை ‘குட்டிக் குட்டி ஊசி’ என்கிறாள், அது சின்ன வயதில் ஆரணி சொன்னதுதான், தமிழில் சொன்னது, இங்கிலிஷில் எவ்வளவு வடிவாக உட்கார்ந்திருக்கிறது. என்ரை பிள்ளைக்கு எழுத வரும், அதில் ஒருவரும் வாய் வைக்கேலாது. அப்படியே வாசித்துக்கொண்டு போனவள் நடுப்பக்கத்துக்கு வந்தாள். வகுப்பறை. சின்னக் கதிரையில் பச்சைக் கோட் அம்மா. எதிரே ரீச்சர், வாய் திறந்திருக்கிறது, வாய்க்கு மேலே ஒரு வெள்ளைக் குமிழ், குமிழுக்குள் எழுத்து இல்லை. வளைகோடுகள். அலை மாதிரி நெளிந்து நெளிந்து நாலைந்து வளைகோடுகள், அம்மாவின் காதுக்கு அவ்வளவுதான் போய்ச் சேர்ந்ததாம். தவமலரின் வாய் நின்றுவிட்டது. இதை எப்படி வாசிக்கிறது? வாய்விட்டு வாசிக்கிறவள் வளைகோட்டை என்ன செய்வாள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிற ரீச்சர்மார் இந்த இடத்தில் வாயை நெளித்து ‘ப்ள ப்ள ப்ள’ என்று ஏதோ ஒரு சத்தம் போடுவார்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள், சுகிர்தாவின் சின்னவனும் சிரித்திருப்பான். அவளும் போட்டுப் பார்த்தாள், ‘ப்ள’ என்று ஒருமுறை, வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. இங்கிலிஷில் வந்தது, சொல்லுக்குச் சொல் வந்தது, அந்தக் காலத்தில் ஆரணிக்குப் படிப்பித்த உண்மையான ரீச்சரின் அதே இனிப்பான குரலில் வந்தது. அம்மாவிடம் சொல்லு கண்ணா, வீட்டில் உங்களுடைய பாஷையைப் பேசுவதை நிற்பாட்டவேண்டும். அதுதான் உன்னைப் பின்னுக்கு இழுக்கிறது. அம்மாவுக்கு இங்கிலிஷ் வராவிட்டால் டீவியையாவது போட்டுவிடட்டும். அம்மா பேசுவதைவிட உனக்கு அது நல்லது.

ஒரு சொல் தப்பவில்லை. காதில் பென்சில் வடிவத்தில் தோடு போட்டிருந்தா, சிரித்துக்கொண்டேதான் சொன்னா, அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னா. அப்போது பிள்ளைக்கு ஏழு வயது. இரண்டு கையாலும் கோட்டின் சிப்பைப் பிடித்து மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள், மேலே இழுத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: “ரீச்சர் சொல்லுறா, நான் நல்லாப் படிக்கிறனாம். நீங்கள் எனக்கு இன்னும் கனக்கக் கதை சொல்லவேணுமாம்.” அதற்குப் பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, “தமிழிலை” என்றாள். தவமலருக்கு இரண்டும் விளங்கியது. காது மடல் கொதித்ததும் ஞாபகம் இருக்கிறது. எழும்பி அந்த மனுசியின் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது, நல்ல இலக்கணமான நாலு வார்த்தை. சொல்லியிருந்தால்? பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள், அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, தான் சொன்னது பிடித்துக்கொண்டு நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. தான் வாயைத் திறந்தால் அந்த வகுப்பறையில் பொய்க்காரி என்று நிற்கப்போவது ரீச்சர் இல்லை, இந்தக் குஞ்சு. “தாங்க் யூ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரைக்கும், பனிக்குள்ளால், மூச்சு இழுக்க இழுக்க, தமிழில் கதை சொன்னாள். ஒரு நரியின் கதை, அது முடிய ஒரு முதலையின் கதை, சந்தியில் நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து டீவியின் வயரைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டாள், மகேந்திரன் கிரிக்கெட் பார்க்கமுடியாமல் மாதக்கணக்காக முணுமுணுத்தார், ஏன் என்று அவருக்கும் சொல்லவில்லை. போடு டீவியாம்! டீவி போடுவேனோடி உனக்கு! அதையெல்லாம் செய்தவள்தான் இந்தக் கதிரையில் பச்சைக் கோட்டுடன் முழித்துக்கொண்டிருக்கிறாள், ஒன்றும் விளங்காததால் தமிழ் பேசிவிட்டாளாம், தற்செயலாக, அதிர்ஷ்டமாக.

மெசின் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் அவளுடைய குரல் மட்டும் தனியாகக் கேட்டது, அவள் வாயை மூடிக்கொண்டாள். ஈர உடுப்பை அள்ளி ட்ரையருக்குள் போடும்போது கோபத்துக்குக் கீழே வேறொன்று கிடந்ததைக் கண்டாள், அதைத்தான் காலையிலிருந்து தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறாள். பயம். ஆரணி வானொலியில் சொன்னாளே, எனக்கு ஏழு வயதில் என் அம்மாவை நான் காப்பாற்றினேன், அதுதான் நான் எழுதிய முதல் கதை என்று. என்ன பெருமையாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை தன் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு பொய்யின் மேலே ஏறி நின்றுகொண்டிருக்கிறாள், போய், அம்மாவுக்கு அப்பவே விளங்கினது பிள்ளை என்று சொன்னால் அவள் எதன் மேலே நிற்பாள்? உன் பொய் தேவைப்படவில்லை என்று சொல்வதா? பிள்ளையின் கையிலிருந்து அதையும் பறிப்பதா? விட்டுவிடு, மலர். வாழ்த்து எழுது. தங்கக் கரைக்குள் இருந்து சிரி. பாவம் என்று நாலு பேர் சொன்னால் உனக்கு என்ன குறைந்துபோகிறது, வயதும் போய்விட்டது. அப்படி நினைத்து முடிக்கவில்லை, இன்னொன்று எழும்பி வந்தது, மாட்டேன் என்று வந்தது. அந்தப் பென்சில் தோட்டுக்காரி நினைத்தா, இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று. இப்போது நாடு முழுக்க வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு அதையே நினைக்கப்போகிறார்கள், அந்த வகுப்புகளில் இருக்கிற எங்கடை பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கள் அம்மாவைப் பார்த்து அதையே நினைக்கும். அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறதோ. என்ரை பேரில், என்ரை படத்துக்குக் கீழே. மாட்டேன். ட்ரையரின் கதவை உதைத்துச் சாத்தினாள். போன் அடித்தது. ஆரணி. வான்கூவரில் பள்ளிக்கூடங்களுக்கு வாசித்துக் காட்டப் போயிருக்கிறாள்.

“அம்மா, பரன் மாமா மெசேஜ் அனுப்பினவர், கோல்ட் போடர் எல்லாம் போட்டு.” சிரிப்பது கேட்டது. “என்ன எழுதினீங்கள்?” தவமலர் சுவரில் சாய்ந்துகொண்டாள். “இன்னும் எழுதேல்லை. பிள்ளை, உன்ரை புத்தகத்திலை ஒரு பக்கம் பிழை.” “எந்தப் பக்கம்?” “ரீச்சரின்ரை வாயிலை வளைகோடு போட்ட பக்கம். எனக்கு விளங்கினது.” “என்னம்மா விளங்கினது?” “அவ சொன்னது. முழுக்க விளங்கினது. வீட்டிலை தமிழை நிப்பாட்டச் சொன்னவ. டீவியைப் போடச் சொன்னவ. நான் கதைக்கிறதைவிட டீவி நல்லதெண்டு சொன்னவ.” ட்ரையருக்குள் ஏதோ ஒரு பொத்தான் இரும்பில் பட்டுப் பட்டுச் சுழன்றது. “அப்ப நான் பொய் சொன்னதும்...” “தெரியும்.” “ஏன் எனக்கு ஏசேல்லை?” “ஏசுவனே? அதை என்ரை முகத்துக்கு நேரை சொல்ல உனக்கு மனம் வரேல்லை. உனக்கு ஏழு வயசு, நீ எனக்குக் கவசம் மாதிரி வந்து நிண்டனி. அதை நான் ரீச்சருக்கு முன்னாலை தட்டிவிடுவனே?” ஆரணி மூக்கை உறிஞ்சினாள். “இத்தனை வரியமா ஏனம்மா சொல்லேல்லை.” “நீயும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. அது உனக்குச் சொந்தமான பொய்யெண்டு விட்டிட்டன். ஆனால் இப்ப அது உன்ரை பொய் மட்டுமில்லை, கடையிலை விக்கிற புத்தகம்.” “அம்மா, இதை எழுதப்போறீங்களோ?” “எழுதுவன். மூக்கு நனைஞ்ச பக்கம் எவ்வளவு திறமெண்டும் எழுதுவன், உன்ரை கையிலை தாளம் இருக்கெண்டும் எழுதுவன், இதையும் எழுதுவன். அழு, கோவி, ரெண்டு மாதம் என்னோடை கதையாமல் இரு. நான் எழுதுவன்.”

மகள் போனை வைத்துவிட்டாளோ என்று தவமலர் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வைக்கவில்லை. “எப்பிடித் தொடங்குவீங்கள்?” என்று கேட்டாள் ஆரணி. அது எழுதுகிற ஒருத்தி கேட்கிற கேள்வி. தவமலர் ஒரு வரியும் யோசித்து வைத்திருக்கவில்லை. வந்ததைச் சொன்னாள். “‘இந்தக் கதையில் வரும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது.’”

“அடுத்த வரி?”

“‘அவர் வேண்டுமென்றேதான் தமிழ் பேசினார்.’”